மஸ்கெலியாவின் மதுக்கடையும் அதன் உணவும்

கொரியர் மதுவோடு உண்ணும் பதார்த்தத்திற்கு ‘அஞ்ஜு’ எனத் தனிப்பெயர் உண்டு. மலையகத்து மதுக்கடைகளிலோ ‘பைட்ஸ்’ என்ற இரவற் பெயரே வழங்குகின்றது. ஆயினும் அவித்த கடலை, பொரித்த கருவாடு, மிளகாயும் வெங்காயமும் இட்டு வதக்கிய ‘டெவல்’ இறைச்சி ஆகியவற்றின் பின்னாலும் ஒரு வரலாறு உள்ளது.

பிரித்தானிய அரசு சாராயக் குத்தகையை ஏலம்விட்டு வருவாய் ஈட்டியது. 1912 ஆம் ஆண்டளவில் அம்முறை மாற்றப்பட்டு, சாராயக்கடையும் கள்ளுக்கடையும் வேறாக்கப்பட்டன. கள்ளுக்கடைகள் பெருகவே மதுவிலக்கு இயக்கமும் கிளர்ந்தெழுந்தது. மஸ்கெலியாவின் பழைய கடைத்தெரு இன்றில்லை. 1969 இல் அமைந்த மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய நகரோடு அதுவும் மூழ்கிற்று. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதுண்டு.

தோட்ட நிருவாகம் தொழிலாளருக்கு அரிசி வழங்கி, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. எஞ்சிய சிறு காசிலேயே மதுக்கடைக்கும் பங்கு சென்றது. லயத்தில் கோதுமை ரொட்டியும் சம்பலுமே அன்றாட உணவு, இறைச்சி அரிது. கடை வாங்கில் அமர்ந்து அதனைச் சுவைத்தவன் பெரும்பாலும் ஆண்மகனே. குடியை மட்டும் கண்டிப்போர் இந்த உணவு வேற்றுமையைக் கவனிப்பதில்லை. அந்தக் காசும் முழுதும் அவன் உழைத்ததன்று. நாள்முழுதும் கொழுந்து பறித்த மனைவியின் கூலியையும் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது.