பதினாறும் முப்பத்திரண்டும்

1999-ஆம் வருஷத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்களிடையே மூண்ட வாதத்தை இன்று நினைத்துப் பார்த்தால், சைவ வைஷ்ணவ தர்க்கங்கள்கூட அதைக் காட்டிலும் சற்று நிதானமாகவே நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. 3டிஎஃப்எக்ஸ் ஸ்தாபனத்தார் வெளியிட்ட வூடூ3 3000 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒரு கட்சி. என்விடியா ஸ்தாபனத்தாரின் ரிவா டிஎன்டி2 அல்ட்ரா என்ற கார்டு எதிர்க் கட்சி. கலிபோர்னியா மாகாணத்தில், ஒன்று சான் ஹோசேயிலும் மற்றொன்று சாண்டா கிளாராவிலுமாக, அடுத்தடுத்த ஊர்களில் குடியிருந்த இவ்விரு ஸ்தாபனங்களின் வழக்கைத் தீர்க்க அன்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டன.

இவ்விரண்டில் கீர்த்தி முந்தியது 3டிஎஃப்எக்ஸுக்குத்தான். சிலிக்கான் கிராபிக்ஸ் என்ற பிரசித்தி பெற்ற நிறுவனத்தில் வேலை பார்த்துப் பழகிய ராஸ் ஸ்மித், கேரி டரோலி, ஸ்காட் செல்லர்ஸ் ஆகிய மூவரும் சேர்ந்து 1994-இல் அதைத் தொடங்கினார்கள். பெருந்தொகை கொடுத்து வாங்கவேண்டிய யந்திரங்களுக்கே உரியதாயிருந்த முப்பரிமாணச் சித்திர வித்தையைச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இறக்கிக் கொடுக்கவேண்டும் என்ற அவர்களது சங்கற்பம், 1996-இல் வந்த முதல் வூடூவில் நிறைவேறியது. அக்கார்டு முப்பரிமாணம் ஒன்றைத் தவிர வேறெதையும் அறியாது; சாதாரணத் திரைவேலைக்கு இன்னொரு கார்டு இருந்தே ஆகவேண்டும்; இரண்டையும் ஒரு கேபிளால் பின்புறம் இணைக்கவேண்டும். ஆர்ச்சிட் கம்பெனி அந்தச் சில்லுகளைக் கொண்டு செய்த கார்டில், விளையாட்டு தொடங்கும் தருணத்தில் உள்ளேயிருக்கும் ரிலே ‘டக்’கென்று ஒலிக்கும். கோயில் நடை திறக்கும் சப்தத்தைப் போல் அந்த ஒலிக்காகவே காத்திருந்த ரசிகர்கள் உண்டு.

என்விடியாவின் ஆரம்பமோ அவ்வளவு சுபமாக இல்லை. ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகோவ்ஸ்கி, கர்டிஸ் பிரீம் என்ற மூவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசி, 1993-இல் ஸ்தாபித்த அந்தக் கம்பெனி, உலகமெல்லாம் முக்கோணங்களைக் கொண்டு உருவம் சமைக்கத் தலைப்பட்ட வேளையில் வேறொரு கணித மார்க்கத்தைப் பிடித்து, 1995-இல் வெளியிட்ட முதல் சில்லிலேயே நஷ்டப்பட்டது. 1997-இல் வந்த ரிவா 128 அதைக் கரையேற்றியது.

இனி வழக்குக்கு வருவோம். வூடூ3 3000-இன் சில்லு 166 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுவது. டிஎன்டி2 அல்ட்ராவினுடையது 150. முன்னதன் பெட்டியில், விநாடிக்கு 333 மில்லியன் டெக்ஸெல், அதாவது பூசப்படும் சித்திரப் புள்ளி, என்று பெருமையோடு அச்சிட்டிருந்தார்கள். பின்னதன் கணக்கு 300 மில்லியன். இந்த இரண்டு எண்களும் பொய்யல்ல. ஆனால் ஒரே அளவுகோலால் அளந்தவையுமல்ல. வூடூ, ஒரு துடிப்புக்கு ஒரே புள்ளியை எடுத்து, அதன்மேல் இரண்டு சித்திரங்களை ஒருங்கே பூசும். டிஎன்டி2 ஒரு துடிப்புக்கு இரண்டு புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு சித்திரம் பூசும். செங்கற் சுவரின் படத்தின்மேல் விளக்கொளியின் படத்தையும் சேர்த்துப் பூசுகிற க்வேக் போன்ற விளையாட்டில் விநாடிக்கு முன்னதற்கு 166 மில்லியன் புள்ளிகளும் பின்னதற்கு 150 மில்லியனுமே மிஞ்சும். ஒற்றைப் பூச்சே போதுமான இடத்தில் டிஎன்டி2 ஏறத்தாழ இரு மடங்கு முந்திவிடும். பெட்டியின்மேல் இவ்வளவு வியாக்கியானத்துக்கு ஏது இடம்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று உணர்ந்தவர்கள், ஐடி சாஃப்ட்வேர் கம்பெனியார் க்வேக் விளையாட்டுக்குள்ளேயே வைத்திருந்த ஒரு கட்டளையை உரைகல்லாக எடுத்துக்கொண்டார்கள். முன்பே பதிவான ஓர் ஆட்டத்தை, யந்திரம் தன்னால் இயன்ற மட்டும் விரைவாக ஓட்டிக் காட்டி, விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று முடிவில் ஓர் எண்ணைச் சொல்லும். கார்டுகளை ஒப்பிடும் தொழில் ஒரு சாஸ்திரமாக வடிவெடுத்தது அந்த எண்ணிலிருந்துதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சாஸ்திரத்துக்கு அகப்படாமல் நின்றது வர்ணம். வூடூ3 ஒரு புள்ளிக்கு 16 பிட் அளவில்தான் வர்ணத்தைச் சேமிக்கும்; அதாவது 65,536 வர்ணங்கள். டிஎன்டி2 அல்ட்ரா 32 பிட்டும் அறியும். அகலத்தில் 1024, உயரத்தில் 768 என்று புள்ளிகள் கொண்ட ஒரு திரையை எடுத்துக்கொண்டால், 16 பிட்டில் ஒரு படத்துக்கு ஒன்றரை மெகாபைட் செலவாகும். 32 பிட்டில் மூன்று. நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையிலான போக்குவரத்து அந்த விகிதத்தில் பெருகுவதால், டிஎன்டி2 தன் முழு வர்ண வைபவத்தைக் காட்டப் புகும்போது வேகத்தில் தளர்ந்தது. தளர்ச்சிக்குப் பயந்து பலர் 16 பிட்டிலேயே விளையாடினார்கள் என்பதும், ஆனாலும் வாங்கும்போது 32 என்ற எண்ணைப் பார்த்தே வாங்கினார்கள் என்பதும் மனித சுபாவத்துக்கு முரணானவையல்ல.

வூடூ3-இன் பக்கம் ஒரு விசித்திரமான நியாயம் இருந்தது. அது வர்ணங்களை உள்ளே விஸ்தாரமாகக் கணக்கிட்டு, சேமிக்கும்போது மட்டும் 16 பிட்டுக்குச் சுருக்கும். அந்தச் சுருக்கத்தால் விழும் பொறிப்பொறியான புள்ளிகளை, படம் நினைவகத்தை விட்டுத் திரைக்குப் புறப்படும் கடைசிக் கட்டத்தில், பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து மழுப்பி அனுப்பும். விளைவு 22 பிட்டுக்குச் சமானம் என்று 3டிஎஃப்எக்ஸார் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஸ்க்ரீன்ஷாட் என்பது நினைவகத்தில் உள்ளதை அப்படியே நகலெடுப்பதாயிற்றே. அந்த மழுப்பலோ அதற்குப் பிறகு நிகழ்வது. ஆகவே, வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று இரு கார்டுகளின் படங்களையும் அருகருகே அச்சிட்ட இடங்களிலெல்லாம், வூடூவின் படம் அம்மை வடு விழுந்த முகம்போலத் தோற்றமளித்தது. விளையாடினவனின் கண்ணுக்கு அது அப்படித் தெரியவில்லை. சாட்சியத்தில் மட்டும் அப்படிப் பதிவாயிற்று.

பிற்பாடு நடந்தவை விரைவாக நடந்தன. சில்லை மட்டும் விற்பதை விடுத்துக் கார்டையும் தானே செய்து விற்க எண்ணிய 3டிஎஃப்எக்ஸ், எஸ்டிபி என்ற கார்டு உற்பத்தியாளரை வாங்கிக்கொண்டது. அதுவரை அதன் சில்லுகளுக்கு வாடிக்கையாயிருந்த டயமண்ட், கிரியேட்டிவ் போன்றவர்கள் டிஎன்டி2-ஐக் கொண்டு கார்டு செய்யலானார்கள். 1999 அக்டோபரில் என்விடியா ஜீஃபோர்ஸ் 256 என்ற அடுத்த சில்லைக் கொணர்ந்தது. 32 பிட் வர்ணத்தோடு வூடூ5 வந்து சேர்ந்தபோது 2000-ஆம் ஆண்டின் நடுப்பகுதியாகிவிட்டது. அந்த டிசம்பரிலேயே 3டிஎஃப்எக்ஸின் சொத்துக்களை என்விடியா விலைக்குப் பேசிவிட்டது. இரண்டு வூடூ2 கார்டுகள் திரையின் வரிகளை ஒற்றை, இரட்டை என்று பங்கிட்டு வரைந்த ஏற்பாட்டுக்கு இருந்த எஸ்எல்ஐ என்ற பெயரும், வேறு விரிவோடு, 2004-இல் என்விடியாவின் கார்டுகளில் மறுபடி தலைகாட்டியது.

அக்காலத்து ஒப்பீட்டுப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் வூடூவின் முகம் வடுக்களோடுதான் இருக்கிறது. பழைய கார்டு ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர் அதை மானிட்டரில் பூட்டி ஓட்டினால் வடுக்கள் மறைந்துவிடும். அந்தத் தெளிந்த முகத்தை யாருக்காவது காட்டவேண்டுமென்றால், திரைக்கு எதிரே காமிராவை நிறுத்திப் படம் பிடித்து அனுப்புகிறார்கள்.