பினாங்கு இடைநிலைப்பள்ளி மாணவர்களும் கணினிக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பினாங்கிலிருந்து தொடங்குவது மரபு. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் தோற்றுவிக்கப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலை முன்வைத்தே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு 2016இல் கொண்டாடப்பட்டது. அதே பினாங்கு, 1972ஆம் ஆண்டு முதல் மின்னணுத் தொழிலின் முதன்மையான தளங்களுள் ஒன்றாகவும் வளர்ந்தது. தமிழ்க்கல்வியும் கணினித் தொழிலும் ஒரே தீவில் வேரூன்றியிருப்பினும், அவை ஒரே மாணவரிடத்தில் எப்போது, எவ்வாறு சந்தித்தன என்னும் வினா நம் ஆய்வுகளில் அரிதாகவே எழுப்பப்படுகிறது.

இடைநிலைப்பள்ளி மாணவருக்கு வழங்கப்பட்ட கணினிப் பயிற்சிகளின் வளர்ச்சியை இக்கட்டுரை கால வரிசையில் நோக்குகிறது. கணினிக் கல்வியைப் பெற மாணவர் கடக்க வேண்டியிருந்த வாயில்கள் மூன்று. அவை கட்டணம், பள்ளி அட்டவணை, மொழி என்பன. முதல் இரண்டும் காலப்போக்கில் பெரும்பாலும் திறந்தன. மூன்றாவது வாயில் தொடக்கப்பள்ளியில் திறந்து இடைநிலைப்பள்ளியில் மீண்டும் மூடிக்கொள்கிறது என்பதே நாம் இங்கு நிறுவ முனையும் கருத்து.

தொழிற்சாலைக்கு வந்த கணினி

பினாங்குத் தீவின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி 1969இல் நீக்கப்பட்டது. துறைமுக வணிகத்தை நம்பியிருந்த ஜார்ஜ் டவுனில் வேலையின்மை பெருகியது. அவ்வாண்டில் மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்ற லிம் சோங் இயூவின் அரசு, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவி, ஏற்றுமதித் தொழில்களை ஈர்க்க முனைந்தது. அதன் விளைவாக 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் உருவாயிற்று. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்டு, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்கள் முன்னோடிகளாக வந்து சேர்ந்தன. உலகின் முதல் வணிக நுண்செயலியை 1971இல் வெளியிட்ட இன்டெல் நிறுவனம், அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் அமைத்தது.

இத்தொழிற்சாலைகளில் தொடக்கத்தில் நடைபெற்றவை சில்லுகளைப் பொருத்துதலும் சோதித்தலுமே. நுண்ணோக்கியின் கீழ் மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளில் இணைக்கும் பணியைச் செய்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள். மலாய், சீன, இந்தியக் குடும்பங்களிலிருந்து வந்த அவர்கள் இரவு பகல் என மாறிமாறி வேலை செய்தனர். உலகெங்கும் கணினிகளில் இயங்கிய சில்லுகள் அவர்களின் கைகளைக் கடந்தே சென்றன. ஆயினும் அன்று அத்தீவின் மாணவருக்குக் கணினி என்பது வகுப்பறையில் காணும் பொருளன்று. தாய் பொருத்திய சில்லு பிள்ளையின் பள்ளியை அடையப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. தொழில் ஓரிடத்தில் அமைவதாலேயே அதற்குரிய கல்வி அங்கு அமைந்துவிடுவதில்லை என்பதற்குப் பினாங்கு தக்க சான்றாகும்.

உயர்கல்வி நிலையில் நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. 1969இல் நிறுவப்பட்டு மிண்டன் வளாகத்தில் அமைந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கணினியியல், கணிதவியலின் பகுதியாக வளர்ந்து 1995இல் தனிப்புலமாயிற்று. எனவே தொழிற்சாலையும் பல்கலைக்கழகமும் கணினியை அறிந்திருந்தன. இடையிலிருந்த இடைநிலைப்பள்ளியே அதனைப் பின்னர்ப் பெற்றது.

கழகங்களும் கட்டண வகுப்புகளும்

மேசைக் கணினிகள் விலை குறைந்து பரவிய 1980களின் முற்பகுதியில், மலேசியாவின் நகர்ப்புற இடைநிலைப்பள்ளிகள் சிலவற்றில் கணினிக் கழகங்கள் தோன்றின. இவை பாடத்திட்டத்தைச் சார்ந்தவையல்ல; புறப்பாட நடவடிக்கைகள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் நிதியும் முன்னாள் மாணவரின் கொடையும் மாணவர் செலுத்திய கட்டணமுமே இவற்றைத் தாங்கின. ஆதலின் வசதிமிக்க பழம்பெரும் நகரப் பள்ளிகள் முந்திக்கொண்டன. செபெராங் பிறை தோட்டப்புறங்களிலிருந்து பயின்ற மாணவருக்கு அவ்வாய்ப்பு எளிதிற் கிட்டவில்லை.

பள்ளிக்கு வெளியே தனியார் பயிலகங்கள் பெருகின. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்பித்து எழுத்தர் பணிக்கு ஆயத்தம் செய்த நிலையங்கள் பல, கணினிப் பயிற்சி நிலையங்களாக மாறின. எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்து, முடிவுக்குக் காத்திருக்கும் சில மாதங்களில் கணினி வகுப்பிற்குச் செல்வது மலேசியக் குடும்பங்களில் ஒரு வழக்கமாகவே ஆயிற்று. சொல்தொகுப்பிற்கு வேர்ட்ஸ்டார், கணக்குத் தாளுக்கு லோட்டஸ் 1-2-3, தரவுத்தளத்திற்கு டிபேஸ் எனக் குறிப்பிட்ட மென்பொருள்களைப் பழக்குவதே அவ்வகுப்புகளின் உள்ளடக்கம்.

இவ்வகுப்புகளின் பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அலுவலக வேலைக்கு அவை வழி திறந்தன. பாட்டாளிக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் தொழிற்சாலைத் தளத்திலிருந்து எழுத்தர் மேசைக்கு உயர அச்சான்றிதழ் துணைநின்றது. ஆயினும் அங்குக் கற்பிக்கப்பட்டது மென்பொருளின் பயன்பாடே தவிர கணினியின் அடிப்படையன்று. சில ஆண்டுகளில் அம்மென்பொருள்கள் சந்தையிலிருந்து மறைந்தபோது, அவற்றை மட்டுமே கற்றவர் மீண்டும் கட்டணம் செலுத்திக் கற்க நேர்ந்தது. 1989இல் தொழில்துறையும் மாநில அரசும் இணைந்து நிறுவிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், பள்ளி முடித்தோருக்கும் தொழிலாளருக்கும் இன்னும் விரிவான தொழில்நுட்பப் பயிற்சியை வழங்கலாயிற்று.

பாடத்திட்டத்திற்குள் கணினி

கல்வி அமைச்சு 1980களின் நடுப்பகுதியில், 1985இல் தோன்றிய மைமோஸ் நிறுவனத்தின் துணையுடன், தேர்ந்தெடுத்த இடைநிலைப்பள்ளிகளில் கணினிக் கல்வியைச் சோதனை முறையில் தொடங்கியது. 1990களில் கணினி அறிமுகத் திட்டம் ஊர்ப்புறப் பள்ளிகளையும் எட்டியது. 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் அறிவிக்கப்பட்டதும், கணினி நாட்டின் வளர்ச்சிக் கொள்கையிலேயே இடம்பெற்றது. அத்திட்டத்தின் ஒரு கூறாகிய விவேகப் பள்ளித் திட்டம் 1999இல் ஏறத்தாழ 90 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கி 2002 வரை நடைபெற்றது. அதே காலப்பகுதியில் தகவல் தொழில்நுட்பம் மேல்நிலைப் படிவங்களில் விருப்பப் பாடமாகவும் நுழைந்தது.

இக்கட்டத்தில் முதல் வாயிலாகிய கட்டணம் தளர்ந்தது எனலாம். அரசின் கணினிக்கூடம் பள்ளியிலேயே அமைந்தபோது, பணம் செலுத்த இயலாத மாணவரும் விசைப்பலகையைத் தொட முடிந்தது. இரண்டாம் வாயிலாகிய அட்டவணை உடனே திறக்கவில்லை. இதன் காரணத்தைத் தமிழ் மாணவரின் நிலையிலிருந்து நோக்குதல் வேண்டும்.

இடைநிலைப்பள்ளியில் 15 மாணவரின் பெற்றோர் கோரினால் தாய்மொழி வகுப்பு நடத்தப்பெறலாம் என்பது 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் முதல் வந்த நடைமுறை. அவ்வகுப்புப் பல பள்ளிகளில் பள்ளி நேரத்திற்குப் பின்னரே அமைந்தது. கணினிக் கழகமும் பிற்பகலுக்கு உரியதே. இரண்டும் ஒரே பிற்பகலில் அமைந்த பள்ளியில் மாணவர் ஒன்றை விடுத்தே மற்றொன்றைப் பெற முடியும். எஸ்.பி.எம். தேர்விலும் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம், கணினி சார்ந்த பாடம் ஆகியன விருப்பப் பாடங்களாகவே நின்றன. தேர்வுப் பாடங்களின் எண்ணிக்கைக்கு 10 என வரம்பிடும் முடிவு 2009இல் எழுந்தபோது, தமிழ்ச் சமூகத்தின் எதிர்ப்பிற்குப் பின் கூடுதலாக இரு பாடங்களுக்கு இசைவளிக்கப்பட்டதை நாம் அறிவோம். தமிழும் தொழில்நுட்பமும் ஒன்றையொன்று எதிர்ப்பன அல்ல. அட்டவணையின் குறுகிய இடமே அவற்றை எதிரெதிராக நிறுத்தியது.

மொழி என்னும் வாயில்

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுடன் நிறைவுறுகிறது. பயிற்றுமொழியாகத் தமிழைக் கொண்ட அரசு இடைநிலைப்பள்ளி மலேசியாவில் இல்லை. ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970இல் தொடங்கிப் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறியபின், அம்மாற்றம் இடைநிலைக் கல்வியில் நிறைவுற்ற 1980களின் தொடக்கத்திலேயே கணினியும் பள்ளிக்குள் அடியெடுத்து வைத்தது. ஆகவே தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவர், சில வேளைகளில் ஓராண்டுப் புகுமுக வகுப்பையும் கடந்து, முதலாம் படிவத்தில் மலாய்மொழி விளக்கத்தையும் ஆங்கிலக் கட்டளைகளையும் ஒருசேர எதிர்கொண்டார்.

விவேகப் பள்ளித் திட்டத்தின் மின்னியல் பாடப்பொருள்கள் மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கே உருவாக்கப்பட்டன. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. மடிக்கணினியும் ஒளிபடக்காட்டியும் அப்பாட ஆசிரியர்களுக்கே வழங்கப்பட்டன. இதனால் மாணவர் மனத்தில் கணினி ஆங்கிலத்தோடும் தமிழ் கரும்பலகையோடும் இணைந்தன. அக்கொள்கை 2009இல் மீளாய்வு செய்யப்பட்டுப் படிப்படியாகக் கைவிடப்பட்டபோதும், அம்மனப்படிவு உடன் நீங்கவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. தமிழ்க் கணிமையின் முன்னோடி நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. முத்து நெடுமாறன் 1980களிலேயே தொடங்கிய முயற்சி முரசு அஞ்சல் மென்பொருளாக வளர்ந்து உலகத் தமிழரிடையே பரவியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கூடியது. நாட்டின் அறிஞரும் ஆர்வலரும் தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் உருவாக்கிக் கொண்டிருந்த அதே காலத்தில், இடைநிலைப்பள்ளிக் கணினிப் பாடத்தில் தமிழுக்கு இடமில்லை. தமிழில் தட்டச்சு செய்ய மாணவர் கற்றதெல்லாம் தமிழாசிரியரின் தனி ஆர்வத்தினாலேயே நிகழ்ந்தது.

நிரலாக்கத்தின் வருகை

2011இல் தொடங்கிய ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்க முற்பட்டு 2019இல் நிறுத்தப்பட்டது. 2020 மார்ச் மாதம் பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பள்ளியில் கணினி இருப்பதும் வீட்டில் கணினி இருப்பதும் ஒன்றல்ல என்பது வெளிப்பட்டது. ஒரே கைப்பேசியைப் பல பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளில் கட்டணம் என்னும் பழைய வாயில் மீண்டும் தென்பட்டது.

உள்ளடக்கத்தில் நேர்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. 2017இல் நடைமுறைக்கு வந்த புதிய இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தில் கணினி அறிவியல் அடிப்படை என்னும் பாடம் முதலாம் படிவத்தில் அறிமுகமாயிற்று. இருமை எண்கள், படிமுறை, நிரலாக்கம் முதலியன அதன் பொருளாயின. மென்பொருளைப் பழகுவதிலிருந்து கணினிவழிச் சிந்திப்பதற்குக் கல்வி நகர்ந்ததை இது காட்டுகிறது. எனினும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்திற்கு மாற்றாகவே அது வைக்கப்பட்டமையால், எல்லாப் பள்ளிகளிலும் அது கற்பிக்கப்படவில்லை. மாணவர் எப்பள்ளியில் சேர்ந்தார் என்பதே அவர் நிரலாக்கத்தைப் பயில்வாரா என்பதைத் தீர்மானித்தது. பினாங்கில் 2016இல் திறக்கப்பட்ட மின்னியல் நூலகமும், கொம்தாரில் அமைந்த டெக் டோம் அறிவியல் மையமும் இவ்விடைவெளியைப் பள்ளிக்கு வெளியே ஓரளவு நிரப்பும் முயற்சிகள்.

தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்று உள்ளது. சீரமைக்கப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், தமிழ்ப்பள்ளி மாணவர் நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தின் வழி நிரலாக்கத்தின் தொடக்கக் கருத்துகளைத் தமிழிலேயே கற்கின்றனர். ஒரு செயலைப் படிகளாகப் பிரித்தல், நிபந்தனை அமைத்தல், பிழை கண்டு திருத்தல் ஆகியவற்றைத் தாய்மொழியில் சொல்லத் தெரிந்த தலைமுறை உருவாகி வருகிறது. ஆயின் முதலாம் படிவத்தில் அச்சொற்கள் அனைத்தும் கைவிடப்படுகின்றன. கற்ற கருத்தையே வேறொரு மொழியில் புதிதாகக் கற்பதாக மாணவர் மயங்க நேரிடுகிறது. மூன்றாம் வாயில் மீண்டும் மூடிக்கொள்ளும் இடம் இதுவே.

முடிவுரை

இடைநிலைப்பள்ளியின் பயிற்றுமொழியை மாற்றுதல் தமிழாசிரியரின் கையில் இல்லை. எனினும் அவர் செய்யத்தக்கவை உள. இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் கட்டுரைகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்யப் பழக்கலாம். தொடக்கப்பள்ளியில் கற்ற கலைச்சொற்களையும் அவற்றிற்கு இணையான மலாய், ஆங்கிலச் சொற்களையும் ஒரே பட்டியலில் தந்து, பழைய அறிவைப் புதிய வகுப்போடு இணைக்கலாம். கருத்து விளக்கக் கட்டுரைக்குப் படிமுறை ஒன்றையே பொருளாகத் தரலாம். இவற்றிற்குத் தனி நிதியோ தனி அட்டவணையோ தேவையில்லை.

ஆய்வாளருக்கும் ஒரு கடமை உண்டு. பள்ளி ஆண்டு மலர்களில் வெளிவந்த கணினிக் கழக அறிக்கைகள், பயிலகச் சான்றிதழ்கள், வகுப்பு அட்டவணைகள், தமிழாசிரியர்கள் ஆயத்தம் செய்த பயிற்சித் தாள்கள் ஆகியன இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். அவற்றைச் சேகரித்து, அவ்வகுப்புகளில் பயின்றோரின் வாய்மொழிச் செய்திகளோடு ஒப்பிட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பாயான் லெப்பாசில் முதல் தலைமுறையாகச் சில்லு பொருத்திய பெண்கள் இன்று முதுமையை எட்டியுள்ளனர். அவர்களின் நினைவையும் அவர்தம் பிள்ளைகளின் கல்விப் பட்டறிவையும் ஒருசேரக் கேட்டு எழுதும் காலம் இன்னும் நம் கையில் உள்ளது.