எங்கள் ஊர்ச் சோற்றுத் தட்டில் எந்த ஊர் அரிசி?



கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளாமை செய்கிற குடும்பங்களும், ஊரில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

போன தவணை வரலாற்றுப் பாடத்தில் குளங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். மின்னேரியா வந்தது, பராக்கிரம சமுத்திரம் வந்தது. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "டீச்சர், அக்கரைப்பற்று எத்தனையாம் பக்கத்தில இருக்கு?" எங்களிடம் பதில் இல்லை. அதனால் ஒரு சனிக்கிழமை, பெற்றோரின் அனுமதியோடு, பிள்ளைகளும் நாங்களுமாகச் சந்தையைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக்கடைகளுக்குப் போனோம். எல்லாரிடமும் மூன்றே கேள்விதான் கேட்டோம். மீன் எங்கிருந்து வருகிறது? தயிர் எங்கிருந்து வருகிறது? அரிசி எங்கிருந்து வருகிறது?

மீன் எல்லாக் கடையிலும் நம் கடலும் நம் குளமும்தான். தயிர் சில கடைகளில் ஊர்ச் சட்டித் தயிர், மற்றக் கடைகளில் வெளியிலிருந்து வரும் பிளாஸ்டிக் கோப்பை. அரிசிதான் எங்களைத் திகைக்க வைத்தது. போன கடைகளில் ஒரேயொரு கடையில்தான் ஊர் நெல். மற்ற இடமெல்லாம் பொலனறுவைப் பக்கத்து ஆலைகளின் பெயர் அச்சடித்த பைகளும், புரியாணிக்கு இறக்குமதி பாசுமதியும். எங்களோடு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் வெள்ளாமைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நாட்டில் அதிகம் நெல் விளைகிற மாவட்டங்களில் ஒன்று நம் அம்பாறை. இது எப்படி நடந்தது?

பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மூத்தாப்பாமாரிடம் கேட்டார்கள். நாங்கள் நூல்களைப் புரட்டினோம். கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கிழக்கில் முஸ்லிம்கள் வியாபாரிகளாக மட்டும் இருக்கவில்லை. 1626 அளவில் போர்த்துக்கேயர் தங்கள் கட்டுப்பாட்டிலிருந்த கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன்னரும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். கடலும் வயலும் இரண்டும் இந்த மக்களின் தொழிலாயின. போடியார், முல்லைக்காரன், வட்டை, வட்டவிதானை என்று தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சொற்களால் பேசியது ஒரே தண்ணீரைப் பகிர்ந்ததால்தான்.

அந்தக் காலத்தில் மழையும் சிறு குளங்களும்தான் கணக்கு. பச்சைப்பெருமாள், சீனட்டி போன்ற நெல்லினங்கள் விளைந்தன. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. வாய்க்கால் தண்ணீர் கிடைத்த வட்டைகளில் சிறுபோகமும் உறுதியானது. குடியேற்றங்களால் காணிக் கணக்கும் மாறியது, அது தனியாக எழுத வேண்டிய கதை. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டம் உருவானது. 1950களின் இறுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் எச்-4 நெல்லும், பின்னர் பீஜீ இனங்களும் வந்தன. விளைச்சல் கூடியது. ஆனால் பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரு மாணவியின் மூத்தாப்பா ஏழு நெல்லின் பெயரை மூச்சுவிடாமல் சொன்னாராம். அதில் ஒன்றுக்குக்கூட இன்று அவரிடம் விதை இல்லை.

சாப்பாட்டுக்கடைகளின் கதை இதற்குப் பக்கத்திலேயே நடக்கிறது. முன்பெல்லாம் கடையில் சோறு தின்பது வெளியூரார் வேலை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஊரார் தேத்தண்ணிக்கும் பேச்சுக்கும்தான் கடைக்குப் போனார்கள். 1970களின் முற்பகுதியில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் கடைகளில் சோறு விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அனுமதியில்லாமல் அரிசி கொண்டுபோனால் வீதித் தடையில் பிடித்தார்கள். 1980இல் திருகோணமலையில் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. ரொட்டியும் கொத்தும் இரவுச் சாப்பாடாகின. கொத்து நம் கிழக்கின் பெருமை என்று சொல்லிக்கொள்கிறோம், ஆனால் இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை.

பிறகு போர். தூரத்து வட்டைகளுக்குப் போனவர்கள் உயிரோடு திரும்புவார்களா என்று உம்மாமார் வாசலில் காத்திருந்த காலம் அது. 2004 டிசம்பர் 26 கடலும் வந்தது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது பயிர் மஞ்சளானதை நாங்களே பார்த்தோம். அந்த நவம்பரில் தடை நீங்கினாலும், கடன் நீங்கவில்லை.

இன்று நெல் எப்படி ஊரைவிட்டுப் போகிறது? அறுவடை மெஷின் கொட்டிய ஈர நெல்லை வரம்பிலேயே லொறி ஏற்றிவிடுகிறது. காயவைக்கக் களம் இல்லை, அடுக்கி வைக்க இடம் இல்லை, கடன்காரர் வாசலில் நிற்கிறார். அதே நெல் அவிந்து, தீட்டுப்பட்டு, பெயர் பெற்று, கூடிய விலையில் நம் சந்தைக்குத் திரும்புகிறது. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. ஒரு முதலாளி எங்களிடம் மனந்திறந்து சொன்னார்: "பை அரிசி எப்பவும் ஒரே மாதிரி வரும், கல் இருக்காது. மொத்தக் கடையில ஒரு மாசக் கடன் தருவாங்க. ஊர் விவசாயி கையில காசு கேட்பார். அவர் கேட்கிறதும் நியாயம்தானே."

அந்த ஒரேயொரு கடையை ஒரு ராத்தா நடத்துகிறார். காக்காவின் வயல் நெல்லை வாங்கி, அவித்து, சீமெந்துத் தரையில் காயவைத்து, பக்கத்துச் சிறிய மில்லில் குத்திக்கொள்கிறார். சிவப்பரிசிச் சோறு, குளத்து மீன் ஆணம், முருங்கைக்கீரைச் சுண்டல், கடைசியில் சட்டித் தயிர். பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டார்கள். காசு கொடுத்தபோது ராத்தா சொன்னார்: "பெரும்போகம் வரைக்கும் பார்ப்பேன் டீச்சர். ஆள் வந்தா வைப்பேன், இல்லாட்டிப் பூட்டிடுவேன்."

எல்லாம் நூற்றுக்கு நூறு ஊர்ப்பொருளாக இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஆணத்தில் இருந்த திலாப்பியாவே 1952இல் ஆபிரிக்க வம்சமாக இந்த நாட்டுக்கு வந்த மீன். மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். வந்தது எதையும் நம் உம்மாமார் தள்ளிவிடவில்லை, சமைத்து நம்முடையதாக்கினார்கள். நாங்கள் கவலைப்படுவது வேறு. நம் வரம்பில் விளைந்த நெல்லின் இலாபம் ஏன் நம் ஊரில் ஒருநாள்கூடத் தங்குவதில்லை?

பிள்ளைகள் வகுப்பில் பேசி மூன்று விடயங்களை எழுதினார்கள். அப்படியே தருகிறோம்.

வெள்ளாமைக்காரர்கள் போகத்துக்கு நாலு மூடையாவது காயவைத்து ஊரில் விற்கலாம்.

சாப்பாட்டுக்கடைகள் வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமையாவது, ஊர் அரிசிச் சோறு போடலாம். நோன்புக் கஞ்சிக்கு அரிசி வாங்கும் பள்ளிவாசல்களும் இதை யோசிக்கலாம்.

சாப்பிடப் போகிற நாம், "இது எந்த ஊர் அரிசி?" என்று ஒரு தடவை கேட்கலாம். பலர் கேட்டால் முதலாளிமார் யோசிப்பார்கள்.

அடுத்த தவணை எருமைப் பட்டிக்காரர்களைத் தேடிப் போக இருக்கிறோம். மேய்ச்சல் தரைகள் எங்கே இருந்தன, தயிர்ச் சட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளோடு வந்து எழுதிக்கொள்கிறோம். பழைய நெல்லின் பெயர் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். யாரிடமாவது ஒரு கைப்பிடி விதை மிச்சம் இருந்தால், பாடசாலைத் தோட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.