ராஜ்தூத் 350: குறைக்கப்பட்ட குதிரைத்திறனின் வரலாறு

பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை நேசிப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. டெல்லி கரோல் பாக் உதிரிபாகக் கடையில் கேட்டாலும் சென்னை புதுப்பேட்டையில் கேட்டாலும் அதே பதில்தான் வரும்: ஜப்பான் இரும்பு வேறு, நம்மூர் இரும்பு வேறு, அதனால்தான் இங்கே செய்த இன்ஜினுக்கு வேகம் குறைவு. ராஜ்தூத் 350இன் வரலாற்றைப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. அந்த இன்ஜினின் வலு திட்டமிட்டே குறைக்கப்பட்டது.

1944இல் லாகூரில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் டெல்லிக்கு வந்து, பக்கத்து ஃபரீதாபாத்தில் வேரூன்றிய நிறுவனம் எஸ்கார்ட்ஸ். வெளிநாட்டு இன்ஜினை இங்கே செய்வது அதற்குப் புதிதல்ல. 1960களிலேயே போலந்தின் எஸ்.எச்.எல். எம்.11 வண்டியை ராஜ்தூத் 175 என்ற பெயரில் செய்து, கிராமங்கள் வரை கொண்டு சேர்த்திருந்தது. 1983இல் அது கையில் எடுத்தது யமஹாவின் ஆர்.டி. 350பி; அதுதான் இங்கே ராஜ்தூத் 350 ஆனது. ஜப்பானில் அந்த மாடலின் காலம் 1975உடன் முடிந்து, அடுத்து ஆர்.டி. 400 வந்து, 1980இல் நீர்க்குளிர்ச்சி கொண்ட ஆர்.டி. 350 எல்.சி.யும் வந்துவிட்டிருந்தது. இந்தியாவுக்கு வந்தது முந்தைய தலைமுறையின் காற்றுக்குளிர்ச்சி இன்ஜின்.

அடிப்படை அளவுகள் மாறவில்லை. இரட்டை சிலிண்டர், 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், 347 சி.சி., ரீட் வால்வு, ஆறு கியர்: எல்லாம் அப்படியே. ஆனால் ஜப்பானில் 39 குதிரைத்திறன் தந்த இன்ஜின் இங்கே முதலில் 30.5 தந்தது. 1985வாக்கில் வந்த அடுத்த வடிவம் 27தான் தந்தது. மெக்கானிக்குகள் முன்னதை எச்.டி. என்றும் பின்னதை எல்.டி. என்றும் பிரித்துச் சொல்வார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலு போய்விட்டது. அது எங்கே போனது?

விடை சிலிண்டர் சுவரில் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றி, பிளாக்கின் மேல் விளிம்பிலிருந்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் உதடு வரை வெர்னியரால் அளந்தால் போதும். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குப் பிஸ்டனே வால்வு. அது கீழே இறங்கும்போது போர்ட் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த உயரம்தான். போர்ட் உயரமாக இருந்தால் புகை வெளியேற நேரம் கிடைக்கும். அதிக சுற்றில் வலு பொங்கும். குறைந்த சுற்றிலோ புதுக் கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியே போகும். போர்ட்டைத் தாழ்த்தினால் உச்ச வலு குறையும், பெட்ரோல் மிஞ்சும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட ஓட்டுபவருக்குத் தெரியும். இந்திய பிளாக்கில் போர்ட் தாழ்த்தப்பட்டது; சைலன்சரின் உட்புறமும் நெருக்கப்பட்டது. இந்த இரண்டுமே வரைபடத்தில் எடுத்த முடிவுகள். வார்ப்புப் பட்டறையின் குறை இதில் எதுவும் இல்லை.

காரணமும் தெளிவு. அன்றைய புல்லட் 350 தந்தது 18 குதிரைத்திறன். அதற்கு மாற்றாக வந்த வண்டிக்கு 27 இருந்தாலே தாராளம். வாங்குபவரின் முதல் கேள்வியோ மைலேஜ். 1985இல் லிட்டருக்கு 80 கி.மீ. என்று விளம்பரம் செய்துகொண்டு ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தபின் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. வலுவைக் குறைத்தும் ராஜ்தூத் 350 அந்தப் போட்டியில் நிற்கவில்லை. அந்தப் பத்தாண்டின் முடிவையொட்டி உற்பத்தி ஓய்ந்தது.

முன் பிரேக் விஷயத்தில் இதே நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானிய வண்டியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க்; இங்கே செலவைக் குறைக்க டிரம். எத்தனை குறைத்த பின்னும், அன்றைய இந்தியச் சாலையில் அதைவிட வேகமான வண்டிகள் அரிது. நிறுத்தும் திறனில் சிக்கனம் பார்த்தது தவறு.

ஜப்பான் இரும்பு என்ற பேச்சு பிறந்த இடத்தையும் சொல்ல வேண்டும். எச்.டி. வண்டிகளில் ஜப்பானிய உதிரிபாகங்கள் மிகுதி. 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100இன் முதல் வண்டிகளும் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களைக் கூட்ட வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. கார்புரேட்டர் செய்யும் மறைமலை நகர் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியுடன் கூட்டுச் சேர்ந்து 1985இல் உருவானதும் அந்தச் சூழலில்தான். ஆக, ராஜ்தூத் 350இல் உள்நாட்டுப் பாகங்கள் கூடியதும் குதிரைத்திறன் குறைந்ததும் ஒரே காலத்தில் நடந்தன. பின்னதற்கு முன்னதே காரணம் என்று மக்கள் முடிவுகட்டினார்கள்.

டெல்லியில் ஜப்பானிய ஆர்.டி.க்கும் ராஜ்தூத்துக்கும் உள்ள வேறுபாடு இன்று சட்டப் பிரச்சினையாகவும் ஆகியிருக்கிறது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021இல் வந்த விண்டேஜ் விதி, 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகிறது. 1973இல் பதிவான ஜப்பானிய ஆர்.டி. அந்த வயதைத் தாண்டிவிட்டது. 1983இன் ராஜ்தூத் 2033 வரை காத்திருக்க வேண்டும். இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் அந்த விதியில் உண்டு. ஜப்பானிய அளவுக்குப் போர்ட்டை அரம்போட்டு உயர்த்திய வண்டிகள் இங்கே ஏராளம். அரம் படாத எச்.டி., எல்.டி. பிளாக்குகள் கிடைக்கும்போதே அவற்றின் போர்ட் அளவுகளை முறையாகப் பதிந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் 2033இல் எது அசல் என்று தீர்மானிக்கக் கையில் அளவே இருக்காது.