பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது ஏன்? கிளஸ்டர் நிர்வாகம் பற்றிய விளக்கம்

"அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்காமல் சின்ன ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டார்கள்." தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் இந்த மனக்குறையை அடிக்கடி கேட்கிறோம். சில குடும்பங்கள் இடமாற்றத்திற்குச் சம்மதிக்காமல், ஏ.ஓ.ஆர். எனப்படும் 'சொந்தப் பொறுப்பு' பாரத்தில் கையெழுத்திட்டு நோயாளியை வீட்டிற்கே அழைத்துச் சென்றுவிடுகின்றன. சிகிச்சை பாதியில் நின்று போவது அப்படித்தான். அந்த இடமாற்றத்திற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு என்ன, அதை யார் நடத்துகிறார்கள், நாம் யாரிடம் என்ன கேட்கலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கிளஸ்டர் என்றால் என்ன?

ஒரே வட்டாரத்தில் உள்ள சில அரசாங்க மருத்துவமனைகளை ஒரு குழுமமாக இணைத்து நடத்துவதே கிளஸ்டர் முறை. நிபுணத்துவ மருத்துவர்கள் உள்ள பெரிய மருத்துவமனை அதற்குத் தலைமை தாங்கும். சுற்றியுள்ள மாவட்ட மருத்துவமனைகள் அதன் உறுப்புகளாக இருக்கும். கட்டில்கள், அறுவைச் சிகிச்சைக் கூடங்கள், கருவிகள், நிபுணர்கள் ஆகிய அனைத்தையும் குழுமம் முழுவதும் பகிர்ந்து கொள்ள வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

சுகாதார அமைச்சு 2014-ஆம் ஆண்டில் மூன்று இடங்களில் இதை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் மருத்துவமனைகள் ஒரு குழுமம். தெமர்லோ, ஜெராண்டுட், ஜெங்கா மருத்துவமனைகள் மத்திய பகாங் குழுமம். சபாவில் தாவாவ், லாஹாட் டத்து, செம்போர்னா, குனாக் மருத்துவமனைகள் மூன்றாவது குழுமம். அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டத்தோஸ்ரீ டாக்டர் ச.சுப்ரமணியம் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் 2016 முதல் 2020 வரையிலான 11-ஆவது மலேசியத் திட்டத்தின் கீழ் இம்முறை மற்ற மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது?

மாநிலத் தலைநகர் மருத்துவமனைகளில் கட்டில் கிடைக்காமல் நோயாளிகள் அவசரப் பிரிவிலேயே காத்துக் கிடந்தனர். அதே வேளையில், நிபுணர் இல்லாத மாவட்ட மருத்துவமனைகளில் கட்டில்களும் அறுவைச் சிகிச்சைக் கூடங்களும் முழுமையாகப் பயன்படாமல் இருந்தன. ஒரு பக்கம் நெரிசல், மறு பக்கம் வெற்றிடம்.

கிளஸ்டர் முறையில் ஆபத்துக் கட்டத்தைத் தாண்டிய நோயாளி மீதி நாள்களுக்கு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். அங்குள்ள மருத்துவ அதிகாரி அன்றாடம் கவனித்துக் கொள்வார். நிபுணர் குறிப்பிட்ட நாள்களில் வந்து பார்ப்பார், இல்லையெனில் தொலைபேசி வழி ஆலோசனை கூறுவார். எளிய அறுவைச் சிகிச்சைகளுக்கும் நிபுணரே மாவட்ட மருத்துவமனைக்குச் செல்கிறார். நிலைமை மோசமானால் நோயாளி ஆம்புலன்ஸ் வழி தலைமை மருத்துவமனைக்குத் திரும்பக் கொண்டு வரப்படுவார்.

நமக்குப் புதிதல்ல

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களுக்கு 'குரூப் ஆஸ்பத்திரி' நினைவிருக்கும். பல தோட்டங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்து ஒரு மருத்துவமனையை நடத்தின. அந்தந்தத் தோட்டத்தில் டிரஸ்ஸர் இருப்பார். அவரால் முடியாததை குரூப் ஆஸ்பத்திரி பார்க்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது அவையும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று அந்த இடத்தை அரசாங்கக் கிளினிக்கும் மாவட்ட மருத்துவமனையும்தான் நிரப்புகின்றன. ஆகவே, அவை எப்படி நடத்தப்படுகின்றன என்பது நம் சமூகத்திற்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

யார் யார் பொறுப்பு?

கொள்கை முடிவும் நாடாளுமன்றத்தில் பதில் சொல்லும் பொறுப்பும் சுகாதார அமைச்சருடையது. அமைச்சின் தலைமைச் செயலாளர் பணத்திற்கும் நிர்வாகத்திற்கும் பொறுப்பானவர். மருத்துவ விவகாரங்களுக்குச் சுகாதாரத் தலைமை இயக்குநர் தலைவர். மாநில அளவில் மாநில சுகாதார இயக்குநர் இருக்கிறார். அவருக்குக் கீழே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஓர் இயக்குநர். அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம் போன்ற துறைகளுக்குத் தனித்தனித் தலைவர்களும், தாதியருக்கு மேட்ரனும் உள்ளனர்.

எல்லா அரசாங்க மருத்துவமனைகளும் இந்த வரிசையில் வருவதில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்றவை உயர்கல்வி அமைச்சின் கீழ் உள்ளன. ஐ.ஜே.என். எனப்படும் தேசிய இருதய மையம் 1992 முதல் நிதியமைச்சுக்குச் சொந்தமான நிறுவனமாக இயங்குகிறது. அங்கே கட்டணமும் விதிகளும் வேறு.

இயக்குநர் மாறினால் என்ன மாறும்?

'புதிய இயக்குநர் பொறுப்பேற்றார்' என்ற செய்தி வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பதும், எதுவும் நடக்காது என்று சலித்துக் கொள்வதும் இரண்டும் தவறு.

முன்பதிவு நேரத்தைப் பிரித்து வைப்பது, முகப்பில் கூட்டத்தைக் குறைப்பது, வார்டுகளில் கட்டில்களை மாற்றி அமைப்பது, குழுமத்தில் உள்ள மற்ற மருத்துவமனைகளோடு பேசி நோயாளிகளை அனுப்புவது ஆகியவை பெருமளவு அவர் கையில் உள்ளவை. நல்ல இயக்குநர் வந்த சில மாதங்களிலேயே இவற்றில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் புதிய பணியிடங்களை உருவாக்குவது, கட்டணத்தை மாற்றுவது, புதிய கட்டடம் எழுப்புவது அவர் கையில் இல்லை. கட்டணங்கள் 1951-ஆம் ஆண்டு கட்டணச் சட்டத்தின் கீழ் நிர்ணயிக்கப்படுகின்றன. மருத்துவர் பற்றாக்குறைக்கும் ஒரு மருத்துவமனை மட்டும் தீர்வு காண முடியாது. 2016-இன் இறுதி முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டனர். நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலை 26-ஆம் தேதி அவர்கள் நாடு தழுவிய வெளிநடப்பு நடத்தியது பலருக்கு நினைவிருக்கும்.

துப்புரவு, சலவை, கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, மருத்துவக் கழிவு அகற்றல் ஆகிய சேவைகளும் 1990-களின் பிற்பகுதியிலேயே தனியார் குத்தகைக்கு விடப்பட்டன. வார்டைக் கூட்டித் துடைக்கும் நம் பெண்களில் பலர் அரசாங்க ஊழியர்கள் அல்லர், குத்தகையாளரின் ஊழியர்கள். இருந்தாலும், கழிப்பறை சுத்தமில்லை என்றால் மருத்துவமனையிடமே புகார் செய்யலாம். குத்தகை வேலையை மேற்பார்வையிடும் பொறுப்பு அதற்கு உண்டு.

கட்டடப் பாதுகாப்பும் சாதாரண விஷயமல்ல. 2016 அக்டோபர் 25-ஆம் தேதி ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்பட்ட தீயில் ஆறு நோயாளிகள் உயிரிழந்தனர்.

இடமாற்றம் என்றால் கேட்க வேண்டியவை

மாவட்ட மருத்துவமனைக்கு மாற்றப் போவதாக வார்டில் சொன்னால், கோபப்படுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- நோயாளி ஆபத்துக் கட்டத்தைத் தாண்டிவிட்டாரா?
- அங்கே நிபுணர் எந்த நாளில் வருவார்? எந்தத் துறை நிபுணர்?
- என்ன அறிகுறி தெரிந்தால் திரும்ப இங்கே கொண்டு வருவீர்கள்?
- சிகிச்சை விவரமும் மருந்துப் பட்டியலும் கூடவே அனுப்பப்படுமா?
- குழுமத்தில் எங்கள் வீட்டிற்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப முடியுமா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. மலாக்காவில் அலோர் காஜா ஒரு பக்கம், ஜாசின் மறு பக்கம். ஜாசின் குடும்பத்தின் நோயாளி அலோர் காஜாவுக்குப் போனால், தினமும் சாப்பாடு கொண்டு போகும் மனைவிக்கோ மகளுக்கோ அலைச்சல் இரட்டிப்பாகும். பக்கத்து மருத்துவமனைக்கே அனுப்பினால் அலைச்சல் பாதியாகக் குறையும். கட்டில் இருந்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பதில்கள் திருப்தியாக இல்லாவிட்டால் நிபுணரையோ வார்டு சிஸ்டரையோ சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். யாரிடமும் கேட்காமல் ஏ.ஓ.ஆர். பாரத்தில் கையெழுத்திட வேண்டாம். மலாய் சரளமாக வராத மூத்தவர்களோடு குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒருவர் உடனிருப்பது நல்லது.

கட்டணமும் மருந்தும்

குடிமக்களுக்கு அரசாங்க வெளிநோயாளர் சிகிச்சைக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்கிற்கு 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி. அதையும் கட்ட முடியாத குடும்பங்களும், விலையுயர்ந்த கருவியோ மருந்தோ தேவைப்படுவோரும், மருத்துவமனையில் உள்ள மருத்துவ சமூகப் பணிப் பிரிவை அணுகலாம்.

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாதந்தோறும் மருந்து எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டின் வழி மீதி மாதங்களுக்கான மருந்தை வீட்டிற்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே பெறலாம். தபால் வழி பெறும் வசதியும் உண்டு. மருந்து முகப்பில் நாமாகக் கேட்டுப் பதிந்து கொள்ள வேண்டும்.

மனக்குறை இருந்தால்

முதலில் மருத்துவமனையின் பொது உறவுப் பிரிவு. தீர்வு கிடைக்காவிட்டால் சிஸ்பா எனும் அரசாங்கப் புகார் முறையின் வழி இணையத்தில் பதியலாம். தேதி, நேரம், வார்டு, நடந்தது என்ன என்பதை வரிசையாக எழுதுங்கள். ஊழியர் பெயர் தெரியாவிட்டால் தேதியும் நேரமும் போதும்.

மருத்துவமனைகளுக்கு வருகையாளர் வாரியம் என்ற ஒன்றும் உண்டு. சுகாதார அமைச்சர் நியமிக்கும் பொதுமக்கள் அதில் உறுப்பினர்கள். மொழிச் சிக்கல், உணவு, நோயாளிகளின் வசதி போன்றவற்றை நிர்வாகத்தின் காதில் போட இது ஒரு நல்ல வழி. உங்கள் வட்டார வாரியத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஆலயத் தலைவர்களும் இயக்கப் பொறுப்பாளர்களும் விசாரித்து வைத்திருக்கலாம்.

அடுத்து என்ன?

2023 ஜூன் 15-ஆம் தேதி மக்களவை சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக் கொண்டது. 15 ஆண்டுகளுக்கான சீர்திருத்தத்தைப் பேசும் அந்த அறிக்கை, அரசாங்க மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தன்னாட்சி தர வேண்டும் என்கிறது. அது நடந்தால் பணம், ஆள்பலம் பற்றிய முடிவுகளில் குழுமங்களின் கை ஓங்கும். அப்போது வட்டார மக்களின் குரல் இன்னும் முக்கியமாகும்.

அதுவரை ஒன்று செய்யலாம். உங்கள் மாவட்ட மருத்துவமனை எந்தக் குழுமத்தைச் சேர்ந்தது, அதன் தலைமை மருத்துவமனை எது, எந்த நிபுணர் எந்த நாளில் வருகிறார் ஆகிய மூன்றையும் அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது கேட்டு, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். அவசரத்தில் உதவும்.