தாத்தாவின் மேஜையும் அரக்குப் பாலிஷும்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "வீட்டில் பழைய மர பீரோ இருக்கு, எதை வெச்சுத் துடைக்கலாம்?" இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனா அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்காம ஒரு நல்ல மேஜையைக் கெடுத்தவன் நான். அதனால் இந்த எபிசோட் முழுக்க மரச்சாமான்தான்.

மேஜை என் தாத்தாவுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பருத்திக் கமிஷன் கணக்கு எழுதிய மேஜை. வலது மூலையில் மைக்கூடு வைத்த கறை, முன் விளிம்பில் அவர் முழங்கை தேய்ந்து வந்த ஒரு பளபளப்பு. அம்மாச்சி போன பிறகு, அதைக் குட்டி யானையில் ஏற்றி ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தேன். வந்ததும் ஒரு பட்டறையில் விட்டு, "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்றேன். அப்படியேதான் ஆக்கிக் கொடுத்தார்கள். மெஷின் வைத்து உரசி, மேலே பி.யு. கோட்டிங் அடித்து, கண்ணாடி மாதிரி வந்தது. அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து, கோட்டிங்கில் விழுந்த ஒரு கீறல் வழியாக ஈரம் இறங்கி, மேல் தோல் வெள்ளையாக உரிய ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வேலை செய்த ஆசாரியை அழைத்து வந்து காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "தம்பி, இதை ஒட்டுப்போட முடியாது. முழுசா எடுத்துட்டுத்தான் திரும்ப அடிக்கணும். ஒவ்வொரு தடவையும் பலகை மெலியும். முன்னாடி இருந்தது அப்படி இல்லையே" என்றார். டிராயரைக் கழற்றி, உள்பக்கம் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு விரலால் தேய்த்தார். பிசுபிசுவென்று ஒட்டியது. "அரக்கு."

இந்த இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது.

அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் அது கூட்டமாக ஒட்டிக்கொண்டு சுரக்கும். நம்ம ஆளுக்கு அரக்கு புதுசு இல்லை. பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டியது அரக்கு மாளிகை. பக்கத்தில் அம்பாசமுத்திரத்தில், கடைசல் பிடித்த மரச் சொப்புகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் ஏற்றியது வண்ண அரக்கு. இதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சாக, பூச்சின் மேல் பூச்சாக ஏற்றும் முறை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவியது. சோட்டா நாக்பூர் காட்டில் சுரண்டிய சரக்கு கல்கத்தா வழியாகக் கப்பலேறி, நமக்கே "பிரெஞ்சு பாலிஷ்" என்று பெயர் மாறி வந்து சேர்ந்தது. இந்த வணிகம் எவ்வளவு பெரிசு என்றால், 1924-இல் ராஞ்சி பக்கம் நாம்கும்மில் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அந்தக் கால கிராமபோன் தட்டும் அரக்குதான். 1942-இல் போர்க்காலத் தட்டுப்பாட்டில் அமெரிக்க அரசு அரக்குக்குக் கட்டுப்பாடு போட்டதும், அங்கே புதுப் பாட்டுத் தட்டுகளின் எண்ணிக்கையே குறைந்தது.

அதே 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா தேக்கு வருவது நின்றது. (எங்க ஊர்ப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் "இது பர்மா தேக்கு" என்பார்கள். நாட்டுத் தேக்கு என்று யாரும் ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. நிலம்பூரில் 1840-களிலேயே வெள்ளைக்காரன் தேக்கு நட்டானே, அதெல்லாம் எங்கே போச்சோ!) எந்த ஊர்த் தேக்கானாலும் உயிர் அதன் வைரத்தில்தான். வைரத்தில் இருக்கும் இயற்கைப் பொருட்கள் கறையானுக்கு ஆகாது. ஓரத்து வெள்ளையில் மாவுச்சத்து உண்டு. உளு அங்கேதான் துளைக்கும். பழைய கட்டிலில் மாவு கொட்டினால், அநேகமாக வெள்ளை விட்டு அறுத்த சட்டமாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் மாடியில் கோபால விலாசம் மண்டபத்தின் விதானத்தை நிமிர்ந்து பாருங்கள். தேக்கில் தசாவதாரமும் புராணக் கதைகளும். மழையும் வெயிலும் படாமல் கூரைக்கு அடியில் காற்றாட இருந்தால் தேக்கு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு எங்க ஊர்க்காரர்களுக்கு வேறு பாடம் வேண்டாம்.

ஆசாரி சொன்ன இன்னொரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. "எங்கப்பா காலத்துல பாலிஷ் போடுறதுக்கு மரத்தை விட ஸ்பிரிட்டுதான் பிரச்சினை" என்றார். காரணம் மதுவிலக்கு. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுக்க வந்தது. அடுத்த ஆண்டு முதல் 1952 வரை முதல்வராக இருந்து அதைத் தொடர்ந்தவர் எங்கள் ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. குடிக்கச் சாராயம் கிடைக்காதபோது சிலர் வார்னிஷ் பக்கம் போனார்கள். அரக்கைப் பிரித்துவிட்டு ஸ்பிரிட்டைக் குடிப்பது. உயிர் போன கதைகள் உண்டு. 1959-இல் ஸ்பிரிட்டுக்கும் பிரெஞ்சு பாலிஷுக்கும் என்றே தனி விதிகள் போட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் விற்க முடியாது. ஒரு தச்சனின் துணிப் பொட்டலம் மதுவிலக்குச் சட்டத்துக்குள் வந்தது இப்படித்தான். அதன் பிறகு தின்னரில் கரையும் பாலிஷ், மெலமைன், பி.யு. என ஒவ்வொன்றாக வந்தன. சீக்கிரம் காயும், தண்ணீர் தாங்கும், கூலி மிச்சம். அவற்றை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மேஜைக்கு அரக்கு தாங்காது, அது உண்மை.

ஆனா வித்தியாசம் இதுதான். அரக்கு மேல் அரக்கு பூசினால், பழையது கொஞ்சம் கரைந்து புதியதோடு சேர்ந்துகொள்ளும். அதனால் கீறின இடத்தை மட்டும் சரிசெய்யலாம், எத்தனை தலைமுறையானாலும். மெலமைனும் பி.யு.வும் காய்ந்து இறுகிவிட்டால் அப்படிக் கரையாது.

இப்ப அந்த நேயருக்கு வருகிறேன். முதலில் பீரோவின் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அரக்கு. அப்படியானால் சோப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்த மல் துணி போதும். சூடான காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையம் பூச்சுக்குள் மாட்டிய ஈரம்தான். ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால், அழுத்தாமல் இரண்டு இழுப்பு. பெரும்பாலும் போய்விடும். பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது, அரக்கு மாளிகை ஞாபகம் இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எங்க அம்மாச்சியும் தடவினாங்க, தப்புதான். அது காயாது, பிசுக்காக நின்று தூசியை வாங்கும். ராஜபாளையத்துப் பஞ்சுத் தூசிக்குக் கேட்கவே வேண்டாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால், அன்று இரவே துடைத்துவிடுங்கள்.

ஐப்பசி மழையில் டிராயர் இறுகினால் உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். மரம் அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. மழையில் இழைத்த டிராயர் சித்திரையில் ஆடும். மெழுகுவத்தியை ஓரத்தில் தேய்த்துவிட்டுத் தை வரை பொறுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு ஊஞ்சல் பலகை இன்னும் பட்டறைக்குப் போகவில்லை. ஆசாரி வந்து, பழைய வேட்டித் துணியில் பஞ்சு முடிந்து, எனக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் திட்டுத்திட்டாக வந்தது. "கை நிக்கக் கூடாது தம்பி, நின்னா ஒட்டிக்கும்" என்றார். மூன்றாம் நாள் பரவாயில்லை.

மேஜை ராஜபாளையத்தில் அப்படியேதான் இருக்கிறது. அன்று கழற்றிய டிராயரை அம்மா மாட்டவிடவில்லை. அந்த உள்பக்கத்துக்கு மெஷின் போயிருக்கவில்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பித்தளைப் பாத்திரம், ஈயம் பூசுகிறவர்கள் கதை.