லூசி ஹொப்ஸ் அம்மையார்

பல்வலியால் துடிப்பவன் வைத்தியர் ஆணா பெண்ணா என்று ஆராய்வதில்லை. வலி தீர்ந்தாற் போதும் என்பான். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் ஒருகாலத்தில் அதைத்தான் ஆராய்ந்தன. பல் வைத்தியத்திற் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாகிய லூசி ஹொப்ஸ் அம்மையாரின் சரிதையை நாம் ஈண்டு எழுதப் புகுந்தமை அதன் பொருட்டேயாம்.

அம்மையார் 1833ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தார். பத்தாண்டு காலம் பாடசாலை ஆசிரியையாக இருந்தார். 1859இல் வைத்தியம் கற்க விரும்பிச் சின்சினாற்றி நகர் சென்றபோது, பெண் என்ற காரணத்தால் அங்குள்ள வைத்தியக் கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. எனினும் அக்கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அவருக்குத் தனியே பாடஞ் சொல்லி, பல் வைத்தியத்தின்பால் அவரைத் திருப்பினார். பின்னர் ஜொனதன் ராவ்ற், சாமுவேல் வார்டில் என்னும் பல் வைத்தியர்களிடம் தொழில் பயின்றார். 1861இல் ஒஹையோ பல் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அங்கும் கதவு திறக்கவில்லை.

பலர் பட்டமில்லாமலே பல் வைத்தியம் நடத்திய காலம் அது. அம்மையாரும் அவ்வாண்டே சின்சினாற்றியில் வைத்தியசாலை திறந்தார். 1862இல் ஐயோவா மாநிலத்துக்குப் பெயர்ந்து அங்கு நற்பெயர் பெற்றார். 1865 யூலையில் ஐயோவாப் பல் வைத்தியர் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றதோடமையாது, சிக்காகோவில் நடந்த அமெரிக்கப் பல் வைத்தியர் மகாநாட்டுக்குத் தன் பிரதிநிதியாகவும் அனுப்பியது. அவ்வாண்டு நவம்பரில் ஒஹையோக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. முன்செய்த தொழிலைக் கருதி இறுதி வகுப்பிலேயே இடமளித்தனர். 1866 பெப்ரவரி 21ஆந் திகதி பட்டம் கிடைத்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கதவைத் திறக்க முந்தியவர்கள் கல்லூரிப் பண்டிதர்களல்லர். தொழிலில் அவரோடு போட்டியிட்டவர்களே. அவர் கைவேலையின் தரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொழில் நடத்திய முதற் பெண் இவரே என்று சிலர் எழுதுவது பிழை. கொனெற்றிக்கட்டில் எமலீன் ரொபேட்ஸ் ஜோன்ஸ் அம்மையார் 1855 முதலே கணவருடன் இத்தொழில் செய்துவந்தார். லூசி அம்மையாருக்குரியது பட்டத்தின் முதன்மையே.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவரை மணந்தார். டெயிலர் முன்னாட் போர்வீரர். இரயில் வண்டிகளுக்கு வர்ணம் பூசுபவர். மனைவியே ஆசானாக, அவரும் பல் வைத்தியரானார்! இருவரும் கன்சஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரிற் கூடித் தொழில் நடத்தினர். 1886இற் கணவர் காலமானபின் அம்மையார் தொழிலைக் குறைத்துக்கொண்டு, பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தார். 1910 ஒக்டோபர் 3ஆந் திகதி லோரன்சிலேயே காலமானார்.